ராப் பாட்டால ஒரு ஊருக்கு நல்லது நடந்திருக்கா? ஒருத்தர்ட்ட எடுத்துச் சொல்லணும்

மணி_பீட்ஸ்:
எங்க ஏரியா நூலகத்துக்கு சாயங்காலம் வர்ற பசங்களுக்கு ராப் எழுத சொல்லித் தரலாம்னு நானும் ஃப்ரெண்டும் போய் கேட்டோம். அங்க பொறுப்புல இருக்கற சார் "துப்பாக்கி, கஞ்சா, கெட்ட வார்த்தை, இதானப்பா அது, புள்ளைங்க கெட்டுப்போகும்"னுட்டாரு. ராப், ஹிப்ஹாப் எல்லாம் ஒண்ணுமில்லாத ஏழைங்களோட குரல்னு நாம சொல்லிட்டே இருக்கோம், அவர்ட்ட காட்ட உருப்படியா என்ன இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வினைல்_பெட்டி:
ப்ரோ, பிராங்ஸ்ல இருந்தே ஆரம்பிங்க. நியூயார்க்ல அந்தப் பகுதி நடுவுல எக்ஸ்பிரஸ்வே போடறேன்னு வீடுகளை இடிச்சாங்க, அப்புறம் கட்டடம் கட்டடமா தீப்பிடிச்சு எரிஞ்சுது, வேலை கெடையாது, தெருவுக்கு ஒரு கேங். 1971 டிசம்பர்ல கெட்டோ பிரதர்ஸ்ங்கிற கேங்ல சமாதானம் பேசறதுக்குன்னே இருந்த பிளாக் பெஞ்சி, சண்டையை நிறுத்தப் போன எடத்துல அவரையே அடிச்சுக் கொன்னுட்டாங்க. பழிக்குப் பழி வாங்க ஆளுங்க ரெடியா நின்னாங்க, தலைவர் பெஞ்சி மெலண்டெஸ் வேணாம்னுட்டாரு. ஹோ அவென்யூ பாய்ஸ் கிளப்புல அத்தனை கேங்கையும் உக்கார வச்சு ஒப்பந்தம் பேசுனாங்க. அதுக்கப்புறம் தான் ஒரு ஏரியா பையன் இன்னொரு ஏரியா பார்ட்டிக்கு கொஞ்சமாச்சும் பயமில்லாம போக முடிஞ்சுது.

ஹிப்ஹாப் பொறந்ததா சொல்ற 1973 ஆகஸ்ட் 11 பார்ட்டி எல்லாருக்கும் தெரியும், அதே பிராங்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூ, பாட்டு போட்ட டிஜே கூல் ஹெர்க். ஆனா அதை ஏற்பாடு பண்ணது அவரு தங்கச்சி சிண்டி, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள புதுத்துணி வாங்க காசு சேக்கணும்னு. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. சமாதானம் முதல்ல, பாட்டு அப்புறம், இந்த வரிசையை யாருமே சொல்றதில்ல.

தேனி_ரைம்ஸ்:
துப்பாக்கி பத்தி அந்த சார் சொல்றது சும்மா பயம் இல்ல, அதுக்கும் பதில் வேணும்ல. கேஆர்எஸ் ஒன்ங்கிற பிராங்ஸ் ராப்பர் வீடில்லாம ஷெல்டர்ல தங்கியிருந்தப்ப அங்க கவுன்சிலரா வேலை பாத்தவரு தான் ஸ்காட் லா ராக். ரெண்டு பேரும் சேந்து தான் ராப் குரூப் ஆரம்பிச்சாங்க. 1987ல ஒரு தகராறை தீத்து வைக்கப் போன ஸ்காட்டை சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு கச்சேரியில ரசிகர் ஒருத்தரும் கொல்லப்பட்டாரு. கேஆர்எஸ் ஒன் பல ராப்பர்களைக் கூட்டி வன்முறை வேணாம்னு 1989ல ஒரு பாட்டு வெளியிட்டாரு, அந்தக் காசு கறுப்பின மக்களுக்காக வேலை செய்யற நேஷனல் அர்பன் லீக்ங்கிற அமைப்புக்கு போச்சு. நோய் எங்க இருந்துச்சோ அங்கயே மருந்தும் வந்துச்சு.

மலைக்காத்து:
நம்ம கொடைக்கானலை விட்டுட்டீங்களே. அங்க யூனிலீவர் குழுமத்தோட தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசக் கழிவு, 2001லயே மூடுனாங்க, ஆனா வேலை பாத்தவங்க நஷ்டஈட்டுக்காக வருசக்கணக்கா கோர்ட்டு, போராட்டம்னு அலைஞ்சாங்க, வெளியூர்க்காரங்க பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. 2015 ஜூலைல சென்னைப் பொண்ணு சோஃபியா அஷ்ரஃப் நிக்கி மினாஜ் பாட்டு மெட்டுல யூனிலீவரை நேரா கேள்வி கேட்டு ராப் பாடுன வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு. பாட்டு மட்டும் சாதிச்சுதுன்னு சொன்னா அது அந்த தொழிலாளிங்களுக்கு செய்யற துரோகம், அவங்க சங்கமா நின்னதால தான் பாட்டுக்கு கால் ஊன எடம் கெடச்சுது. ஆனா அத்தனை வருசம் அவங்க சொன்னப்ப திரும்பிப் பாக்காதவங்களை அந்த பாட்டு திரும்பிப் பாக்க வச்சுது, அதை யாரும் மறுக்க முடியாது. மண்ணை சுத்தம் பண்றதுல சண்டை அதுக்கப்புறமும் ஓடுச்சு, அதையும் மறைக்காம சொல்லுங்க.

மணி_பீட்ஸ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மறுபடி போய் பேசறேன். ஸ்காட் லா ராக் கதையை தான் முதல்ல எடுக்கப் போறேன், அந்த சாரும் பசங்களுக்காகவே சாயங்காலம் வீட்டுக்குப் போகாம உக்காந்திருக்கற மனுசன், அவருக்கு அது புரியும். @மலைக்காத்து கொடைக்கானல் தொழிலாளிங்க பேசுன தமிழ் வீடியோ ஏதாச்சும் இருந்தா லிங்க் போடுங்க, பசங்களுக்கு முதல் வகுப்புலயே போட்டுக் காட்டணும்.