புதுப்பிப்பு: அம்மாவுக்குக் காலையில் வரும் நடுக்கம் – காரணம் தெரிந்தது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். சர்க்கரைக்கு மருந்து எடுக்கும் அம்மாவுக்கு, பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து வேலையில் இறங்கியதும் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன்.

"வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுப்பவர் பையைக் கொட்டி, இரண்டு அட்டைகளை மட்டும் எடுத்து ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்தார். டவுனில் தனியார் கிளினிக் கொடுத்த டயமைக்ரானும், இங்கே கொடுத்த கிளிக்லசைடும் பெயர்தான் வேறு, சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து! அம்மா இரண்டையும் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு குலையிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போயிருக்கிறார். நடுங்கும்போது விரலில் குத்திப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை 3.4 (mmol/L). நான்குக்குக் கீழே போனாலே ஆபத்தாம்.

டாக்டர் ஒன்றை நிறுத்தினார் (நீங்களாக நிறுத்தாதீர்கள்). மற்றதைக் காலைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.

நாங்கள் எதிர்பார்க்காதது, மருந்து குறைந்தும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 8.9 சதவீதத்திலிருந்து 7.6க்கு இறங்கியதுதான். நடுக்கத்தை அடக்க டின் பால் (இனிப்புக் கட்டிப்பால்) ஊற்றிக் குடித்த மைலோ பானம் நின்றதால் என்கிறார் டாக்டர். அப்புறம், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணைப் படம் எடுக்கவும் தேதி கொடுத்திருக்கிறார்கள்.