பொருள்: ‘கயாக்’, ‘பேடில்போர்டு’ இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

சான் ஹொசேயிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

குழும அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் மாணவர்களைக் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவை ஒட்டிய எல்க்கார்ன் ஸ்லூ கழிமுகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அதற்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. துடுப்புப் போட்டுச் செல்லும் ஒடுங்கிய சிறு கலமான கயாக்கையும், நின்றபடி துடுப்பால் செலுத்தும் பலகையான பேடில்போர்டையும் ‘படகு’ என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிட முடியவில்லை. கடல்நீர்நாயிடமிருந்து (சீ ஆட்டர்) குறைந்தது 60 அடி விலகியிருக்க வேண்டும் என்பதை அங்கே ‘ஐந்து கயாக் நீளம்’ என்று சொல்லித்தருகிறார்கள். தண்ணீரில் அடிக்கணக்கு கண்ணுக்குப் பிடிபடாது. தான் அமர்ந்திருக்கும் கலத்தின் நீளம் பிடிபடும். ‘ஐந்து ஓட நீளம்’ என்று எழுதினால், எந்த ஓடம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனவே, அளவுகோலாகவும் பயன்படக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாயின் (சீல்) தோலைப் போர்த்து, ஓட்டுபவர் இடுப்பளவு உள்ளே புதையுமாறு கட்டிய கலமே அது. மேற்புறம் மூடியிருப்பதே அதன் தனித்தன்மை. மூடு, ஓடம் இரண்டும் சேர்ந்து ‘மூடோடம்’ ஆகும். உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் மறையும், அதாவது ‘உக்குறள் மெய்விட்டோடும்’ என்ற விதியை மாணவர்களுக்கு நினைவூட்டியதாகவும் இருக்கும். வேற்றுமொழிச் சொல்லை அப்படியே எடுக்க விரும்பினாலும், வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது என்பதால் ‘கயாக்கு’ என்றாவது எழுதுங்கள்.

கோவையிலிருந்து, சொற்பிறப்பியல் ஆர்வலர்:

கடன் வாங்கும் சொல் என்று ஏன் எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டுகிறீர்கள்? கயம் என்றால் ஆழ்ந்த நீர்நிலை. கழிமுகத்துக்கு நிகண்டுகள் தரும் பெயர்களில் ‘கயவாய்’ என்பதும் ஒன்று. கயத்தில் இயங்குவது கயக்கு. அது வடதிசை சென்று கயாக் ஆகியிருக்கக் கூடாதா? கயத்தல், கயக்கம், கயவு ஆகிய சொற்களையும் வரிசையாக வைத்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். கட்டுமரம் உலகமெங்கும் போகவில்லையா?

மட்டக்களப்பிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கட்டுமரம் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனதற்கு ஏட்டுச் சான்று இருக்கிறது. கயம் ஆர்க்டிக் பனிக்கடலுக்குப் போனதற்கு ஒலியொப்புமை தவிர வேறொன்றும் இல்லை. பட்டியலைத் தனி இழையில் இடுங்கள், ஆறுதலாக வாசிக்கிறோம். ‘மூடோடம்’ அழகான சொல்தான். ஆனால், வாடகைக்குக் கிடைக்கும் கயாக்குகளில் பல இப்போது மேலே அமர்ந்து ஓட்டும் வகை. அவற்றில் மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ‘தோணி’ போதாதா என்பது என் எண்ணம், என்றாலும் எங்கள் வாவித் தோணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து, கடற்கரை ஊர்க்காரர்:

சொல்லைவிடப் பொருளைக் கொஞ்சம் பார்க்கலாம். இந்தக் கலம் விலங்கை வேட்டையாடுவதற்காகவே தாழ்வாகவும் ஓசையின்றியும் அமைக்கப்பட்டது. எந்திரப் படகின் இரைச்சல் தொலைவிலேயே தெரிந்துவிடும். இது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும் என்பதால், உறங்கும் விலங்கு திடுக்கிட்டு நீரில் பாயும். கடல்நீர்நாய்க்கு மற்றக் கடற்பாலூட்டிகளைப் போலத் தோலடிக் கொழுப்பு கிடையாது. மயிரடர்த்தியும் தீனியுமே அதன் கணப்பு. தன் எடையில் கால்பங்கு அளவுக்கு நாள்தோறும் தின்றாக வேண்டும். அதன் உறக்கத்தைக் கெடுப்பது அதன் சோற்றில் கைவைப்பதாகும். இது கையேட்டில் இருக்கட்டும்.

பேடில்போர்டுக்கு வருகிறேன். கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்புப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை. ‘துடுப்புப்பலகை’ போதும்.

மதுரையிலிருந்து மீண்டும்:

துடுப்புப்பலகை என்றால் துடுப்பின் அகன்ற பகுதி என்றே எவரும் கொள்வர். ‘நிலைப்புணை’ என்று வையுங்கள். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்ற புறநானூற்று வரியைச் சொல்லிக்கொடுக்க வேறு எப்போது வாய்ப்பு வரும்?

மட்டக்களப்பிலிருந்து:

அந்தப் புணை ஆற்றின் போக்கில் போவது. அதுவே கணியன் பூங்குன்றனார் சொல்ல வந்த கருத்து. நம் பலகை அப்படிப் போனால், ஓட்டத்தின் இழுப்பில் நேரே கடல்நீர்நாய்க் கூட்டத்துக்குள் அல்லவா போய்ச் சேரும்?

சான் ஹொசேயிலிருந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதிய பிறகு வேறொரு சிக்கல் கண்ணில் பட்டது. எல்க்கார்னில் சேற்றுமேட்டில் ஏறிப் படுத்திருக்கும் சீல்களும் உண்டு. சீலைக் ‘கடல்நாய்’ என்றும் மற்றதைக் ‘கடல்நீர்நாய்’ என்றும் எழுதினால், ஒன்றுக்குச் சொன்ன விதியைப் பிள்ளைகள் மற்றதற்கு எடுத்துக்கொள்வார்கள். சீலுக்கு 50 கஜம், அதாவது 150 அடி, விலக வேண்டும். ஆகவே சீலை ‘சீல்’ என்றே விட்டுவிடுகிறேன். சங்கப் பாடல்களில் வாளைமீன் தேடித் தின்னும் நீர்நாயின் பெயரை அதன் கடல் உறவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

தனிமடலில் வந்த கருத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் ‘கயாக்’ பக்கம், ஒரு சிலர் தோணிப் பக்கம். 1972ஆம் ஆண்டின் கடற்பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்விலங்குகளைத் தொந்தரவு செய்வதே குற்றம் என்பதால், விதி கூறும் பக்கத்தில் ஐயத்துக்கு இடம் வைக்க எனக்குத் துணிவில்லை. அங்கே ‘ஐந்து கயாக் நீளம்’, அடுத்த வரியில் ‘60 அடி’. பலகை ‘துடுப்புப்பலகை’ ஆகிறது. துடுப்பின் அகன்ற பகுதியை ‘அலகு’ என்று எழுதி அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறேன்.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ‘கயாக்’ என்று மெய்யில் நிறுத்தி அச்சிடும் கையேடு தமிழ் வகுப்பில் வழங்கப்படுகிறது என்பதைக் குழுமம் பதிவு செய்துகொள்ளட்டும். சொற்பட்டியலில் ‘மூடோடம்’ என்பதற்கு ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கோவையிலிருந்து:

பட்டியலைத் தனி இழையில் இட்டிருக்கிறேன்.