யோசனை சொல்ல வேண்டாம் என்று கற்றுக்கொடுத்த மேடம்

திருச்செங்கோட்டிலிருந்து:

கோயமுத்தூரில் கவுன்சலிங் சைக்காலஜி எம்.எஸ்ஸி. படித்தபோது எங்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்த மேடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. இப்போது ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆற்றுப்படுத்துநராக, அதாவது கவுன்சிலராக இருக்கிறேன். நீட் மதிப்பெண், வீட்டு நினைப்பு, அறைச் சண்டை என்று தினமும் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். குறுக்கே விழாமல் அவர்கள் பேசுவதை முழுக்கக் கேட்க என்னால் முடிகிறது என்றால் அது அவர் போட்ட பழக்கம்.

நம் பக்கம் ஒருவருக்கு வெசனம் வந்துவிட்டால் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பெரியப்பா சொல்வார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வார், பஸ்ஸில் கூட உட்கார்ந்து வருபவர்கூட இறங்குவதற்குள் ஒன்று சொல்லிவிடுவார். எல்லாம் அக்கறைதான். மேடம் முதல் வாரமே கேட்டார்: “பத்துப் பேர் சொன்னதைப் பதினோராவது ஆளாச் சொல்றதுக்கு ஒரு எம்.எஸ்ஸி. எதுக்கு கண்ணு?”

மூன்று மூன்று பேராக உட்கார வைப்பார். ஒருவர் பேச வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், மூன்றாமவர் பார்க்க வேண்டும். பார்ப்பவர் “நல்லாப் பண்ணினாங்க” என்றெல்லாம் எழுதக் கூடாது. எவ்வளவு நேரம் மௌனம், அதை யார் கலைத்தார்கள், கேட்பவர் எந்த இடத்தில் பேச்சை மாற்றினார், இவை மட்டும்தான் குறிப்பில் இருக்க வேண்டும். பேசுகிறவர் தன் பெரிய துக்கத்தை அங்கே கொண்டுவரவும் கூடாது. பஸ் பாஸ் தொலைந்தது, அறைத்தோழியோடு மனஸ்தாபம், இந்த அளவு போதும் என்பார். வகுப்பில் ஒரு பெண் தாங்க முடியாமல் அழ ஆரம்பித்தபோது பயிற்சியை அப்படியே நிறுத்தி, அவளைத் தனியே கூட்டிப்போய்ப் பேசி, வெளியில் வேறொரு கவுன்சிலரிடம் அனுப்பி வைத்தார். தானே அவளுக்குக் கவுன்சலிங் செய்யவில்லை. “நான் மார்க் போடுறவ. என்கிட்ட அவ எப்படி மனசு விட்டுப் பேசுவா?” என்றார். எவ்வளவு சொந்தக் கதை சொன்னாய் என்பதற்கு அவரிடம் மார்க்கே கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மாணவர்களை அழவைப்பதையே நல்ல பயிற்சி என்று நினைக்கும் இடங்களும் இருக்கின்றன.

அடுத்தது ஒலிப்பதிவு. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, போனை மேசைமேல் வைத்து, இருபது நிமிடம் பேச வேண்டும். பிறகு ஒரு “ம்ம்” கூட விடாமல் தாளில் எழுத வேண்டும். தாளில் அருகருகே மூன்று பத்தி: எதிரில் இருந்தவர் சொன்னது, நான் சொன்னது, அதைச் சொன்னபோது என் மனதில் ஓடியது. மூன்றாவது பத்தியைத்தான் அவர் முதலில் படிப்பார். “பரவாயில்லைங்க, எல்லாம் சரியாயிரும்” என்று ஒரு பையன் சொல்லியிருந்தால், அதற்கு நேரே “இவர் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை” என்று எழுதியிருப்பான். ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வகுப்பில் முதலில் போட்டுக் காட்டியது அவருடைய பழைய பதிவைத்தான். சக ஆசிரியர் ஒருவரைப் பேச வைத்து, பயிற்சிக்காக எடுத்தது. நடுவில் ஓரிடத்தில் மேடமே அவசரப்பட்டு வழி சொல்கிறார். எதிரில் இருப்பவர் “ஆமாங்க, ஆமாங்க” என்று சுருங்கிப் போகிறார். அந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி மறுபடி போட்டார். யோசனை சொல்வதைவிடக் கேட்பதையே முன்வைத்த உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதைத்தான் செய்தார் என்று சொன்னார். அன்று டேப் கிடையாது. கிராமபோன் தட்டில் பதிய வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு மாற்ற வேண்டும். அப்படிப் பதிந்த ஒரு முழு உரையாடல் வரிசையை 1942-இல் அவர் அச்சிலேயே வெளியிட்டார். மூடிய அறைக்குள் என்ன பேசப்படுகிறது என்பதை அதன் பிறகுதான் மற்றவர்கள் வார்த்தை வார்த்தையாகப் படிக்க முடிந்தது. கையில் போன் இருக்கும் நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை என்பார்.

யோசனை சொல்லக் கூடாது என்ற விதிக்கு அவர் ஓரிடத்தில் மட்டும் விலக்குக் கொடுத்தார். உயிர் விஷயம். “செத்துப் போயிரலாம்னு தோணுதுங்களா?” இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் வாய்விட்டு, நேராகப் பார்த்து, மற்றவரிடம் கேட்க வேண்டும். பெஞ்சு பெஞ்சாக வந்தார். பாதிப் பேருக்குக் குரலே வரவில்லை. “தப்பா ஏதாச்சும் நினைக்கிறீங்களா” என்று பூசி மெழுகினால் திரும்பக் கேட்கச் சொல்வார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மறைத்து வைத்திருப்பவருக்கு அது பெரிய நிம்மதி என்பதை ஆய்வுகளோடு காட்டினார். ஆமாம் என்று பதில் வந்தால் அதற்கப்புறம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தனியாக விடாதே, வீட்டாளைக் கூப்பிடு, தோட்டத்துச் சாளையில் பயிர் மருந்து இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல், மனநல மருத்துவரிடம் சேர், ராத்திரியில் கூப்பிட 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எழுதிக் கொடு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பத்துக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவைச் சொல்லிப் புரியவைக்கவும் பழக்கினார். உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை வழக்கும் தண்டனையும் கிடையாது.

திருப்பூரிலிருந்து:

நானும் அவரிடம் படித்தவன்தான், வார இறுதி டிப்ளமோ. பனியன் கம்பெனியில் எச்.ஆர். வேலை. எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க கவுன்சலிங் ரூம் எங்கே இருக்கு? கதவு எந்தப் பக்கம்?” எங்கள் கம்பெனியில் அது சூப்பர்வைசர் அறைக்கு எதிரே இருந்தது. எந்தப் பெண் அதற்குள் போனாலும் லைன் முழுக்கத் தெரியும். டிஸ்பென்சரியை ஒட்டிய அறைக்கு மாற்றி, ஷிப்டு மாறும் நேரத்தில் திறந்து வைத்தோம். தலைவலி மாத்திரை வாங்கப் போகிற மாதிரிப் போய் வரலாம். ஆள் வரத் தொடங்கினார்கள்.

இன்னொரு பயிற்சி எனக்குச் சோறு போடுகிற பயிற்சி. மேடம் முதலாளியாக உட்கார்ந்துகொள்வார். “அந்தப் பொண்ணு உன்கிட்ட என்னப்பா சொல்லுச்சு? சம்பளம் நான்தானே குடுக்கறேன்?” என்பார். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், பொதுவாக என்ன குறை என்று சொல்லலாம். யார், என்ன பேசினார் என்பது வெளியே போகாது. இதை மரியாதை குறையாமல், குரல் நடுங்காமல் சொல்லும்வரை விடமாட்டார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குச் சூப்பர்வைசரை மொழிபெயர்ப்பாளராக வைக்கவே கூடாது என்பதும் அவர் சொன்னதே.

பொள்ளாச்சியிலிருந்து:

பிள்ளைகள் வளர்ந்தபிறகு படிக்கப் போனவள் நான். எனக்கு மறக்காத வகுப்பு ஒன்று. பேசுகிறவராக உட்கார்ந்த அக்கா, அண்ணன் வீட்டோடு சொத்துத் தகராறு, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்துவிட்டு வந்தேன் என்றார். அநியாயம் நடந்தவர்கள் நியாயம் கேட்டு அங்கே மிளகாய் அரைப்பது வழக்கம். கேட்டுக்கொண்டிருந்த பெண் அதைக் காதில் வாங்காமல் “தூக்கம் எப்படி இருக்குங்க?” என்று போனாள். மேடம் நிறுத்தினார். அந்த அக்காவிடம் திரும்பி, “அரைக்கும்போது என்னங்க வேண்டிக்கிட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். அவ்வளவுதான். சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாள், அண்ணி பேசிய பேச்சு, அப்பா இறந்தபோது வாசலில் நின்றது எல்லாம் வந்தது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டென்று சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் பிறந்த வீட்டு வாசல் வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த அக்கா கேட்டது பணத்தை இல்லை, நியாயத்தை. அம்மனிடம் போனதை அறியாமை என்று ஒதுக்கியிருந்தால் அது வெளியே வந்திருக்குமா?

சேலத்திலிருந்து:

ஒரு மாறுபட்ட கருத்து. கேட்பது மட்டும் போதாத நேரங்களும் உண்டு. திடீர்ப் படபடப்பில் மூச்சு முட்டி வருபவருக்கு அந்த நிமிடமே ஏதாவது செய்யத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க ராஜர்ஸின் கேட்கும் முறை மட்டும்தானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வருடம், தவறான எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் ஆரன் பெக்கின் சிகிச்சை முறைக்கு வந்தோம். எண்ணங்களை எழுதிப் பார்க்கும் அட்டவணை, சின்னச் சின்ன வீட்டுப்பாடம். இரண்டையும் சேர்த்தே தொடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

திருச்செங்கோட்டிலிருந்து:

சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கேட்கப் பழகாத ஒருவர் கையில் அட்டவணை கிடைத்தால் அது இன்னொரு யோசனையாகத்தான் போய் முடியும். வரிசையை அவர் சரியாகவே வைத்தார் என்று நம்புகிறேன்.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் படிப்பு முடித்தால் நீங்கள் மருத்துவரும் இல்லை, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரும் இல்லை. அதற்குத் தனிப் படிப்பு. “டாக்டருங்களா?” என்று கேட்டால் முதல் நிமிடத்திலேயே இல்லை என்று சொல்லப் பழக்கினார். பள்ளியில் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை மேல் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே “நீ சொல்றது எல்லாமே நமக்குள்ளதான்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்; எதைக் காக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒலிப்பதிவுக்கான சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் பயிற்சிக் குழு தொடங்குகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.