டாக்கில் 32 ஆம்ப் சிவப்பு சாக்கெட்தான் இருக்கிறது, ரவுட்டர் ஓட்டலாமா? அவசரம்

பாகலூர் நைட் | புதன், இரவு 11.40
வணக்கம். ஓசூர் பக்கம் ஒரு ரோஜா பேக்ஹவுசில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். லோடிங் டாக் சுவரில் ஒரே ஒரு சாக்கெட், சிவப்பு, 32 ஆம்ப். அதிலிருந்து ஒரு வைஃபை ரவுட்டர், இரண்டு போன் சார்ஜர், ஒரு டெம்பரேச்சர் லாகர் ஓட வேண்டும். சார்ஜரில் 0.5 ஆம்ப் என்றுதான் போட்டிருக்கிறது. 32 ஆம்ப் உள்ளே போனால் கருகிவிடாதா? ஆம்பியரைக் குறைக்கிற அடாப்டர் ஓசூரில் எங்கே கிடைக்கும்? வெள்ளிக்கிழமை லோடு. சீக்கிரம் சொல்லுங்கள்.

அணைக்கட்டுக்காரன் | இரவு 11.52
பயப்படாதீர்கள் ப்ரோ. கே.ஆர்.பி. அணை நிரம்பி நிற்கிறது என்பதற்காக உங்கள் வீட்டுக் குழாயில் வெள்ளமா வருகிறது? திறந்த அளவுக்குத்தான் வரும். 32 என்பது சாக்கெட்டால் கொடுக்க முடிகிற அளவு. ரவுட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். தாராளமாகப் போடுங்கள்.

ஓம் விதி | இரவு 11.58
தாராளமாகவா? சிவப்பு சாக்கெட் என்றால் மூன்று பேஸ். எத்தனை பின்? நியூட்ரல் உண்டா? மேலே எத்தனை ஆம்ப் எம்சிபி, அதாவது கரண்ட் மீறினால் தானாக விழுகிற பிரேக்கர்? இதெல்லாம் சொல்லாமல் கேள்வி கேட்பது, டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்கிறது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது மாதிரி. பத்து வருடமாக இங்கே இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடிப்படை தெரியாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது உத்தமம்.

மொரப்பூர் வயர்மேன் | இரவு 12.10
தம்பி, நியூட்ரல் இல்லாவிட்டால் என்ன? ஒரு பேஸ், ஒரு எர்த், வேலை முடிந்தது. எங்கள் மோட்டார் ரூமில் போர் கேசிங் பைப்பில் ஒரு வயரைச் சுற்றிவிட்டிருக்கிறேன். எத்தனையோ வருடமாகப் பல்பு எரிகிறது.

ரீஃபர் லாரி | இரவு 12.31
அண்ணா, அது எங்கள் குளிர்சாதன லாரிக்கான சாக்கெட். டீசலை நிறுத்திவிட்டு கரண்டில் கம்ப்ரஸர் ஓட்டுவதற்காக வைத்தது. விடியவிடிய வண்டி அதில் மாட்டியிருக்குமே, நீங்கள் ரவுட்டரை எங்கே மாட்டுவீர்கள்?

ஸ்டெபிலைசர் செல்வம் | இரவு 12.40
5 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

பாகலூர் நைட் | இரவு 1.15
நாலு பின். ஒன்று மட்டும் கொஞ்சம் தடிமன். பக்கத்திலேயே இன்னொரு சாக்கெட் சும்மா கிடக்கிறது, அதைத்தான் சொன்னேன். டெஸ்டர் வைத்தால் மூன்று ஓட்டையில் எரிகிறது. எம்சிபியில் சி32 என்று இருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரு ரவுட்டர் போய்விட்டது. இரண்டு ஓட்டையில் வயரைச் சொருகினோம். பட்டென்று ஒரு சத்தம், கருவாடு சுட்ட மாதிரி வாசனை. 32 ஆம்ப் என்பதால்தானே?

ஓம் விதி | இரவு 1.21
"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்." அற்புதம்.

காரிமங்கலம் டு துபாய் | வியாழன், காலை 6.05
நான் துபாயில் படகு நிறுத்தும் துறையில் வேலை செய்கிறேன். கரையிலிருந்து படகுக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பங்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. இதே கேள்வியைப் படகுக்காரர்களும் கேட்பார்கள். சின்னப் படகுக்கு நீல சாக்கெட், மூன்று பின், 230 வோல்ட், 32 ஆம்ப். பெரிய படகுக்குச் சிவப்பு, ஐந்து பின். போன் சார்ஜரை யாரும் நேராக அதில் மாட்டுவதில்லை. கேபிள் படகுக்குள் போனதும் மெயின் பிரேக்கர், அப்புறம் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்ன பிரேக்கர், அதற்குப் பிறகுதான் வீட்டில் இருப்பது போன்ற சாக்கெட்.

அணைக் கதை பாதி வரைக்கும் சரி. சார்ஜர் நல்லபடியாக இருக்கிறவரை அரை ஆம்புக்கு மேல் இழுக்காது. அதற்குள் ஏதாவது கெட்டுப்போனால்? நீங்கள் போட்டிருப்பது 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயராக இருக்கும். அதில் 20 ஆம்ப் ஓடினால் ஒயர் சூடேறி உருகும், சி32 எம்சிபி அசையாது. 20 அதற்கு ஒரு சுமையே இல்லை. அது கண நேரத்தில் விழ வேண்டுமானால் 160 முதல் 320 ஆம்ப் ஓட வேண்டும். எம்சிபி போடுவது ஒயருக்காக. அதனால் தடித்த லைன் மெல்லிய ஒயராக மாறுகிற இடத்திலேயே 6 ஆம்ப் எம்சிபி வேண்டும்.

உங்கள் ரவுட்டர் ஆம்பியரால் சாகவில்லை, வோல்ட்டால் செத்தது. நீங்கள் சொருகிய இரண்டும் பேஸ். நடுவில் 400 வோல்ட். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 100-240 என்று இருக்கும். உள்ளே சுண்டுவிரல் அளவு கெபாசிட்டர் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதன் மேல் 400 வோல்ட் என்று அச்சடித்திருப்பார்கள். ஆனால் அது டிசி கணக்கு. 230 ஏசியின் உச்சம் 325, தாங்கிவிடும். 400 ஏசியின் உச்சம் 565. அந்தக் கருவாட்டு வாசனை அங்கிருந்து வந்ததுதான்.

நாலு பின் என்றால் மூன்று பேஸ், ஒரு எர்த். தடித்தது எர்த். கம்ப்ரஸர் மோட்டாருக்கு நியூட்ரல் வேண்டாம், அதனால் அங்கே கொண்டுவரவில்லை.

மொரப்பூர் அண்ணன் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். எர்த் வழியாக ரவுட்டர் ஓடுகிறது, மேலே எங்கோ அந்த எர்த் ஒயர் விட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் ரவுட்டர் வழியாக இறங்கி, எர்த்தோடு சேர்ந்த எல்லா இரும்பிலும் வந்து நிற்கும். பக்கத்து சாக்கெட்டில் மாட்டிய லாரியின் பாடியிலும்தான். வண்டி நிற்பது ரப்பர் டயரில். ஈரத் தரையில் நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிக்கிற பையன் வழியாகத்தான் அது தரைக்கு இறங்கும்.

ஆபீஸ் போர்டிலிருந்து 230 லைன் இழுக்க முடியுமா? எவ்வளவு தூரம்? முடிந்தால் அதுதான் நல்லது, எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியோடு. முடியாவிட்டால் பேனல்களில் போடுகிற, 415 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கிற கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு பக்கமும் ஃப்யூஸ். எதுவானாலும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் கையால்.

ஓம் விதி | காலை 7.30
நான் மூன்றே வரியில் கேட்டதை நீங்கள் ஒரு பக்கத்துக்கு விரித்திருக்கிறீர்கள். போகட்டும். 400 அல்ல, 440.

காரிமங்கலம் டு துபாய் | காலை 7.44
பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230, இரண்டு பேஸுக்கு நடுவில் அதன் 1.732 மடங்கு. பெருக்குங்கள் சார். 398 வரும். 440 என்பது வாய்வழக்கு.

மொரப்பூர் வயர்மேன் | காலை 8.02
துபாய் தம்பிக்கு நம் ஊர் லைன் மறந்துவிட்டது போல. இங்கே ராத்திரியில் ஒரு பேஸ் போய்விட்டால் கண்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டுகிறவர்கள் நாங்கள். ஒரு பல்புக்குப் போய் இவ்வளவு பாடமா?

அணைக்கட்டுக்காரன் | காலை 8.15
இலவச விவசாய கரண்டில் பல்பு எரிப்பதே தப்பு அண்ணே, மாட்டினால் அபராதம்.

மொரப்பூர் வயர்மேன் | காலை 8.19
மோட்டார் ரூமுக்குள் ஒரு பல்பு போட்டுக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. வீட்டுக்கு இழுத்தால்தான் தப்பு. பாம்பு கிடக்கிற இடத்தில் இருட்டில் ஸ்டார்ட்டரைத் தடவச் சொல்கிறீர்களா?

அணைக்கட்டுக்காரன் | காலை 8.26
பல்புக்கு இடம் உண்டு, சரி. கேசிங் பைப்பை நியூட்ரலாக்க எந்த விதியில் இடம் இருக்கிறது?

ரீஃபர் லாரி | காலை 9.10
அண்ணன்மார்களே, கேட்டவர் என்ன ஆனார்? வெள்ளிக்கிழமை அந்த டாக்குக்கு வருகிற வண்டி என்னுடையதாகக்கூட இருக்கலாம். கைப்பிடியைத் தொடுகிறவன் நான்தான்.

மொரப்பூர் வயர்மேன் | காலை 9.34
சரிப்பா, லாரி பக்கத்தில் வேண்டாம். அது வேறு. மோட்டார் ரூமில் நான் செருப்பு போட்டுக்கொண்டுதான் போவேன்.

ஸ்டெபிலைசர் செல்வம் | காலை 10.02
ஸ்டெபிலைசரைப் பற்றி யாருமே பேசவில்லை.

பாகலூர் நைட் | சனி, அதிகாலை 4.50
எலெக்ட்ரீஷியன் வந்தார். மீட்டர் வைத்தார், 405 காட்டியது. நியூட்ரல் இல்லை. ஆபீஸ் போர்டு நாற்பது மீட்டர் தூரம், பைப்பில் 2.5 ஒயர் இழுத்து 6 ஆம்ப் எம்சிபி, ஆர்சிசிபி போட்டுக் கொடுத்தார். ரவுட்டர் ஓடுகிறது. நாங்கள் மஞ்சள் டேப் சுற்றி வைத்திருந்த ஒயரைக் கத்தரித்து அவரே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எல்லாருக்கும் நன்றி. லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

காரிமங்கலம் டு துபாய் | சனி, காலை 7.15
நல்லது. ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பழைய ரவுட்டரின் அடாப்டரைத் தூக்கிப் போடவில்லை என்றால் திறந்து ஒரு போட்டோ போடுங்கள்.

ஓம் விதி | திங்கள், இரவு 9.20
போட்டோ வராது.