காலையிலேயே கோயிலுக்குப் போனாயா?

குழு: நம்ம வீட்டுத் திண்ணை
திங்கள்கிழமை

நான், 11:40
துபாய் மாமா கொடுத்த கொலோன் சென்ட் போலி என்று நினைக்கிறேன். காலையில் ஆறு முறை அடித்துக்கொண்டு கிளம்பினேன். ஆபீசில் பக்கத்து சீட்டு அண்ணன் கேட்கிறார்: "என்ன தம்பி, காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டு வருகிறாயா?"

அத்தை, 11:42
நல்லதுதானே. பக்திமான் என்று பேர் வாங்கிவிட்டாய்.

அம்மா, 11:43
ஆறு முறையா! நீ போன பிறகு ஹாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

வித்யா அக்கா, 11:45
எந்த சோப்பு போட்டுக் குளித்தாய்?

நான், 11:45
வீட்டில் இருப்பதுதான், மைசூர் சாண்டல். அதற்கும் இதற்கும் என்ன?

வித்யா அக்கா, 11:46
அப்படியானால் பாட்டில் மேல் பழி போடாதே. அந்த அண்ணன் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பெரியப்பா, 11:49
மைசூர் சாண்டலைக் குறை சொல்லக் கூடாது. முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஏற்றுமதி நின்று, மைசூரில் கட்டை குவிந்து கிடந்தது. 1916-இல் மகாராஜா அதிலிருந்து எண்ணெய் எடுக்கவும் சோப்பு செய்யவும் ஏற்பாடு செய்தார். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அதைத் தவிர வேறு சோப்பை நான் தொட்டதில்லை.

வித்யா அக்கா, 11:51
அப்பா, யாரும் குறை சொல்லவில்லை. அது நல்ல வாசனையாக இருப்பதுதான் இங்கே சிக்கல்.
கார்த்தி, கவனி. கொலோனில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். மற்றதெல்லாம் ஆல்கஹாலும் தண்ணீரும். அந்த எண்ணெயிலும் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் என்று பழத்தோல் சரக்குதான் தூக்கலாக இருக்கும். ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது விரலில் தெறிக்குமே, அந்த வாசனை எவ்வளவு நேரம் நிற்கும்?

நான், 11:52
கையைத் துடைத்தால் போய்விடும்.

வித்யா அக்கா, 11:54
அதேதான். உன் எலுமிச்சை அம்பத்தூர் தாண்டுவதற்குள் ரயிலில் இருந்து இறங்கியிருக்கும். சந்தன எண்ணெய் கனமானது, நிதானமாகத்தான் ஆவியாகும். சோப்பு வாசனையில் பெரும்பங்கு தண்ணீரோடு போய்விடும், ஆனால் தோலில் ஒட்டும் மிச்சம் போதும். ஆபீஸ் வந்து சேர்ந்தது அதுதான்.

அத்தை, 11:58
இங்கே உன் மாமா கதையைக் கேள். குளிக்க நீல நிற பாடி வாஷ், புதினாவும் கடல் காற்றும் கலந்ததாம். வெளியே வந்ததும் அக்குளுக்கு ஒரு ஸ்பிரே. சட்டையில் துணி அலசும்போது ஊற்றுகிற திரவத்தின் வாசம். அதற்கு மேல் சென்ட். நேற்று லிப்டில் ஒரு குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டது.

அம்மா, 11:59
கதம்பம்.

வித்யா அக்கா, 12:01
கதம்பத்திலாவது பூக்காரம்மா பார்த்துப் பார்த்துக் கட்டியிருப்பார். இங்கே நான்கு கம்பெனி சரக்கு, ஒன்றுக்கு மற்றது தெரியாது. பாடி வாஷில் அந்தப் புதினா, கடல் சமாச்சாரமெல்லாம் கொஞ்சம் தூக்கலாகவே போடுகிறார்கள். அதன் மேல் மெல்லிய கொலோன் எடுபடாது.

அம்மா, 12:03
தலையில் மல்லிகை வைக்கிற நாளில் நான் பவுடர்கூடப் போடுவதில்லை. இதற்கு இவ்வளவு படிக்க வேண்டுமா?

வித்யா அக்கா, 12:03
உங்களைத்தான் எங்கள் லேபுக்கு அழைத்துப் போக வேண்டும் சித்தி.

பெரியப்பா, 12:10
கொலோன் என்றால் நம் வீட்டில் யூடிகொலோன். எனக்கு டைபாய்டு வந்தபோது பாட்டி வெள்ளைத் துணியை நனைத்து, நாலு சொட்டு விட்டு நெற்றியில் போடுவாள். துணி காய்ந்ததும் மறுபடியும் நனைப்பாள். அதை மேலுக்குப் பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

அத்தை, 12:11
ஆமாம் அண்ணா, அந்த பாட்டில் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பின்னால் இருக்கும். எனக்கு அந்த வாசம் வந்தால் இன்றைக்கும் காய்ச்சல் ஞாபகம்தான்.

வித்யா அக்கா, 12:14
அதுவும் இதுவும் ஒரே வம்சம்தான். ஜெர்மனியில் கொலோன் என்று ஊர். பரீனா என்ற இத்தாலிக்காரர்கள் 1709-இல் அங்கே கடை தொடங்கினார்கள். அவர்கள் விற்ற வாசனைத் தண்ணீருக்கு ஊர்ப் பேரே நிலைத்துவிட்டது.

நான், 12:20
சரி, இப்போது நான் என்ன செய்ய? இன்னும் நாலு முறை அடிக்கவா?

வித்யா அக்கா, 12:22
வேண்டாம்டா! கொஞ்ச நேரத்தில் உன் மூக்குக்குப் பழகி உனக்குத் தெரியாமல் போகும், ரயிலில் நிற்பவர்களுக்குத் தெரியும். மெடிக்கலில் வாசனை சேர்க்காத சோப்பு ஒன்று வாங்கு. நாளை இடது கைக்கு சந்தனம், வலது கைக்கு அது. இரண்டிலும் ஒரே ஒரு முறை அடித்து, நேரம் போட்டு எழுது.

செவ்வாய்க்கிழமை

நான், 8:15
இடது: எலுமிச்சை, அடியில் சந்தனம், கொஞ்சம் தித்திப்பு. வலது: எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி, சுத்தமாக.

நான், 8:50
இடது: சந்தனம் முன்னால் வந்துவிட்டது. வலது: எலுமிச்சை குறைந்து, ஏதோ பச்சிலை மாதிரி.

வித்யா அக்கா, 8:52
ரோஸ்மேரியாக இருக்கும். நேற்று அது உனக்குக் கிடைக்கவே இல்லை பார்.

நான், 10:30
இடது: கோயில். வலது: மூக்கை ஒட்டி வைத்தால்தான் ஏதோ தெரிகிறது. பக்கத்து சீட்டு அண்ணன் என்னையே பார்க்கிறார்.

நான், 10:31
ஆக, எந்த சோப்பு போட்டாலும் இது நிற்கப்போவதில்லை. மாலை 6 மணி வரை இருக்கும் என்றார் துபாய் மாமா.

வித்யா அக்கா, 10:36
கொலோன் அவ்வளவுதான். காலையில் முகம் கழுவின தெம்பு மாதிரி ஒரு தெம்பு, அப்புறம் போய்விடும். கொஞ்சம் கூட நிற்க வேண்டுமென்றால், குளித்த ஈரத்தோடு வாசனையில்லாத லோஷனைத் தடவிவிட்டு அடி. சோப்பின் காரத்தில் தோல் வறண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடிவிடும்.

பெரியப்பா, 10:38
லோஷனுக்கு எதற்குக் காசு? தேங்காய் எண்ணெய் தடவு.

வித்யா அக்கா, 10:38
அப்பா, அப்புறம் அந்த அண்ணன் "சாப்பிட்டுவிட்டு வந்தாயா" என்று கேட்பார்.

அத்தை, 10:41
கழுத்தில் அடித்தால் கருக்கும் என்கிறார்களே?

வித்யா அக்கா, 10:44
பெர்கமாட் எண்ணெயில் ஒரு சத்து உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கரும்பட்டை விழும். இப்போது பெரும்பாலும் அதை நீக்கிவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். இருந்தாலும் வெயிலில் நடக்கிற நாளில் கழுத்தை விட்டுவிடுங்கள்.

நான், 10:47
மைசூர் சாண்டலை விடவும் மனசில்லை அக்கா. அம்மா மாதக் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறாள்.

வித்யா அக்கா, 10:50
ஏன் விட வேண்டும்? அதன் மேல் ரோஜா அத்தர் ஒரு சொட்டு வைத்துப் பார். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில்தான் இறக்குவார்கள். சந்தன விலை ஏறியதும் நிறையப் பேர் பாரபின் எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள், அதனால் கேட்டு வாங்கு. சோப்பும் அத்தரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாது.

அம்மா, 10:52
அப்போது கோயில் போய் தர்கா என்று கேட்பார்கள்.

பெரியப்பா, 10:58
கார்த்தி, அந்த பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை இங்கே கொண்டு வா. இரண்டு நாளாகத் தலைவலி.

அம்மா, 11:03
டேய், குளியலறையில் இரண்டு சோப்பும் ஒரே டப்பாவில் ஒட்டிக் கிடக்கிறது. எது எது என்று வந்து பிரித்து வை.