தொண்டி மணலில் ஒரு தட்டைப்புழு: புது இனம்னு எழுத என்னென்ன வேணும்?

காரைக்குடி ஆய்வாளர்:
எல்லாருக்கும் வணக்கம். கடல் உயிரியல்ல பிஎச்டி பண்றேன். தொண்டிப் பக்கம் கடல்புல் நடுவுல, முழங்காலளவு தண்ணியில எடுத்த மண்ணுல ஒரு தட்டைப்புழு அடிக்கடி வருது. ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். ரெண்டு கருப்புக் கண், வால் நுனி கரண்டி மாதிரி அகலம். மேக்ரோஸ்டோமம் பேரினம்னு நினைக்கிறேன். ஆனா வாலுக்குள்ள இருக்கிற ஸ்டைலட், அதாவது விந்தைச் செலுத்துற அந்தக் கெட்டியான குழல், நான் பார்த்த எந்தப் படத்தோடயும் ஒத்துப்போகலை. நுனி ஒரு பக்கமா வளைஞ்சு நிக்குது.

லேப் வழக்கப்படி மண்ணோட ஃபார்மலின் ஊத்தி, ரோஸ் பெங்கால் சாயம் போட்டு வச்ச பாட்டில்ல தேடினா வெறும் இளஞ்சிவப்பு உருண்டைதான் கிடைக்குது. ஆல்கஹால்ல போட்ட புழுக்களுக்கு சிஓஐங்கிற மரபணுவைப் பெருக்குற பிசிஆர்ல பேண்டே விழலை, அதாவது டிஎன்ஏ பெருகவே இல்லை. கைடு நூற்புழு ஆராயுற ஆள். பாட்டில்ல இருக்கிறதை வச்சே எழுதிடலாம்ங்கிறார். முடியுமா?

மணலிடுக்கு:
முடியாதும்மா. நூற்புழுவுக்கு மேல்தோல் கெட்டி, ஃபார்மலின்ல அப்படியே நிக்கும். தட்டைப்புழு போட்டதும் சுருங்கிடும், உள்ளே எதுவும் தெரியாது, டிஎன்ஏவும் கெட்டுப்போகும். அந்த பாட்டில்களை எண்ணிக்கைக்கு வச்சுக்கங்க. இனத்தை எழுத உயிரோட புழு வேணும்.

பிரிச்செடுக்க: ஒரு லிட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணியில மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 72 கிராம் கரைச்சா உப்பழுத்தம் கிட்டத்தட்ட கடல்நீர் அளவுக்கு வரும். டப்பா மேல ஹெக்ஸாஹைட்ரேட்னு இருக்கான்னு பாருங்க; நீரற்ற உப்புன்னா கணக்கே வேற. இந்தக் கரைசலையும் கடல்நீரையும் பாதிக்குப் பாதி கலந்து மண்ணு மேல ஊத்திப் பத்து நிமிஷம் விடுங்க. வால்ல இருக்கிற பசைச் சுரப்பியாலதான் புழு மணலைப் பிடிச்சிருக்கும். மயங்கினதும் பிடி விட்டுடும். சுழற்றி, மணல் அடியில தங்கினதும் மேல்தண்ணியை மட்டும் 63 மைக்ரான் சல்லடையில வடிச்சு, உடனே சுத்தமான கடல்நீர்ல அலசிடுங்க. குழாய்த்தண்ணி பட்டா வெடிச்சுடும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒரே ஒரு புழு, ஒரு சொட்டுத் தண்ணி, மேல கவர் ஸ்லிப். ஓரத்துல வடிதாளை வச்சுத் தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா உறிஞ்சுங்க. புழு மெல்லத் தட்டையாகும். முதல்ல உருள்றப்போ முழு உடம்பையும் வீடியோ எடுங்க. விந்தகம், சூலகம், குடல் எல்லாம் ஒளி ஊடுருவித் தெரியும். இன்னும் உறிஞ்சினா ஸ்டைலட் படுக்கைவாட்டுல வந்து நிக்கும். நூறு மடங்கு எண்ணெய் லென்ஸ்ல, ஃபோகஸை மேலயும் கீழயும் நகர்த்திப் படம் எடுங்க. கடைசியா விந்துப்பை உடையுற அளவுக்கு அழுத்தி விந்தணுவைப் பாருங்க. பல பேர் இதை விட்டுடுறாங்க. இந்தப் பேரினத்துல ஒண்ணோடொண்ணு முறையா இணையுற இனங்களோட விந்தணுவுல பக்கவாட்டு முள் உண்டு. ஊசி போல ஸ்டைலட்டை உடம்புல குத்தி விந்தைச் செலுத்துற இனங்களுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. உங்க புழு எந்த ரகம்னு பாதி அங்கேயே தெரிஞ்சுடும்.

படம் எடுத்த அதே புழுவோட தலைப்பக்கம் சுத்த ஆல்கஹாலுக்கு, வால்பக்கம் லாக்டோஃபீனால் திரவத்துல நிரந்தர ஸ்லைடுக்கு. படம் ஒரு புழு, டிஎன்ஏ வேற புழுன்னு கொடுத்தா ரிவ்யூவர் விடமாட்டார். சிஓஐக்கான பொது பிரைமர் (பிசிஆரைத் தொடங்கி வைக்கிற சின்ன டிஎன்ஏ துண்டு) தட்டைப்புழுக்கள்ல அடிக்கடி ஒட்டாது, உங்க கை மேல தப்பில்லை. 18எஸ், 28எஸ்ங்கிற ரைபோசோம் மரபணுக்களைப் போட்டுப் பாருங்க.

தேவகோட்டை ரஸ்தா:
தொண்டியிலிருந்து வெயில்ல பஸ்ல கொண்டு வர்றப்பவே பாதி செத்திருக்கும் தங்கச்சி. மீன் வியாபாரிகிட்ட தெர்மோகோல் பெட்டி கேட்டு வாங்குங்க, ஐஸ் பாட்டிலைத் துணியில சுத்தி ஓரமா வைங்க, மண்ணு மேல படாம. கடல்நீரை ஒரு கேன் தனியா எடுத்துட்டு வாங்க. எங்க வீட்ல ஆத்தங்குடிக் கல்லுத் தரையில தட்டை வச்சா ரெண்டு மூணு நாள் தாங்குது. மண்ணு மேல விரலளவு தண்ணி, மேல ஒரு மூடி. கீழே ஆக்ஸிஜன் குறையக் குறையப் புழுக்கள் தானா மேல்மண்ணுக்கு வந்துடும், டிராப்பர்ல உறிஞ்சிக்கலாம். ஆச்சி மட்டும் "என்னடா நாத்தம்"னு கேப்பாங்க.

காரைக்குடி ஆய்வாளர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. புதுசா எடுத்த மண்ணுல செஞ்சு பார்த்தேன், புழு கிடைச்சுது. ஆனா எல்லாத்துலயும் ஸ்டைலட் ஒரே மாதிரி இல்லை. சிலதுல குட்டையா, நேரா இருக்கு. சிலதுல இல்லவே இல்லை. ரெண்டு இனமா?

மணலிடுக்கு:
அவசரப்படாதீங்க. குஞ்சுகளுக்கு ஸ்டைலட்டே இருக்காது, வளர்றதுகளுக்கு முழுசா உருவாகியிருக்காது. உள்ளே முட்டை தெரியுற புழுவை மட்டும் அளவுக்கு எடுங்க. அதுபோக, வளைஞ்ச குழலை முதுகுப்பக்கமா பார்த்தா நேராத் தெரியலாம், திருப்பிப் பாருங்க. இன்னொண்ணு, கண் இல்லாம தலைப்பக்கம் ஒரு குமிழுக்குள்ள ஒத்தைக் கல் தெரிஞ்சா அது மேக்ரோஸ்டோமமே இல்லை. அசீலாங்கிற வேற புழுக் கூட்டமா இருக்கலாம்; அசீலா எல்லாம் இப்போ தட்டைப்புழு வரிசையிலேயே கிடையாது.

பெயர்ப்பட்டியல்:
சட்டப் பக்கம் யாரும் சொல்லலை, நான் சொல்றேன். ஹோலோடைப், அதாவது இனப்பெயருக்கு ஆதாரமா வைக்கிற அந்த ஒரே மாதிரி, எதுன்னு கட்டுரையிலேயே குறிப்பிடணும், எந்த அருங்காட்சியகத்துல வைக்கிறீங்கன்னும் எழுதணும். 1999க்குப் பிறகு வர்ற பெயர்களுக்கு விலங்குப் பெயரிடல் விதி அப்படி. ஆன்லைன்ல மட்டும் வர்ற இதழ்னா ஜூபேங்க்ங்கிற விலங்குப் பெயர்ப் பதிவேட்டுல பதிவு கட்டாயம், அந்தப் பதிவு விவரம் கட்டுரைக்குள்ளேயே இருக்கணும். நம்ம நாட்டுல 2002 உயிரியல் பன்முகச் சட்டத்தோட 39ஆவது பிரிவுப்படி, புது இனம் கண்டுபிடிச்சா குறிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவிச்சு மாதிரியையும் ஒப்படைக்கணும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒரு காப்பகம். ஸ்லைடை இப்பவே எண் போட்டு வைங்க. யோசிச்சு வச்சிருக்கிற பெயரைக் கட்டுரை வர்ற வரைக்கும் இங்கேயோ கருத்தரங்குச் சுருக்கத்துலயோ எழுதாதீங்க.

காரைக்குடி ஆய்வாளர்:
28எஸ்ல பேண்ட் விழுந்துடுச்சு, சீக்வென்ஸ் பண்ண அனுப்பியிருக்கேன். லாக்டோஃபீனால் ஸ்லைடோட ஓரத்தை அடைக்க நெயில் பாலிஷ் போதுமா, வேற ஏதாவது வாங்கணுமா?

மணலிடுக்கு:
ரெண்டு பூச்சு போடுங்க, முதல் பூச்சு நல்லாக் காயட்டும். வருஷத்துக்கு ஒருதரம் எடுத்து ஓரம் கசியுதான்னு பாருங்க.