வெட்டிய மிலிட்டரி புல்லட்டைப் பழையபடி ஆக்குகிறேன், பின் மட்கார்டு டயரில் உரசுகிறது

திருமங்கலத்தான்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ராணுவ ஏலத்தில் பெரியப்பா எடுத்த 1972 மாடல் 350 புல்லட். அவர் மகன் காலேஜ் படிக்கும்போது சாப்பர் (தாழ்ந்த சீட் வைத்து உருமாற்றிய ஸ்டைல் வண்டி) ஆக்குகிறேன் என்று பின் சேஸிஸை அறுத்து, சீட்டைத் தாழ்த்தி, ஹெட்லைட் கூட்டையும் கழற்றி எறிந்துவிட்டார். இப்போது வண்டி என் கையில்.

பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் அலைந்து ஒரிஜினல் மட்கார்டு, ஸ்பிரிங் சீட், இரண்டு சின்ன லைட் வைத்த ஹெட்லைட் கூடு எல்லாம் பிடித்துவிட்டேன். பழைய புல்லட் ஒன்றின் பின் சேஸிஸ் துண்டும் கிடைத்தது, வெல்டிங் வைத்தாச்சு. ஆனால் மட்கார்டை மாட்டினால் வலப்பக்கம் ஒரு விரல் நுழைகிறது, இடப்பக்கம் டயர் உரசுகிறது. மட்கார்டைத் தட்டி வளைத்துவிடலாம் என்கிறார் வெல்டர். செய்யலாமா?

லேத் மாமா:
தம்பி, மட்கார்டில் கை வைக்காதே. அந்தக் காலத்துத் தகடு, இன்று வரும் டூப்ளிகேட்டில் அந்தக் கனம் இருக்காது. முதலில் நூல் பிடித்துப் பார். பின் டயரின் இரு பக்கமும் ஒட்டி முன் டயர் வரை நூலை இழு. இரண்டுமே 3.25-19 டயர் என்றால் நூல் நான்கு இடத்திலும் ஒரே மாதிரி தொட வேண்டும். பின் ஆக்ஸிலில் செயின் இறுக்கத்தைச் சரிசெய்ய நத்தை மாதிரி கேம் இருக்குமே, இரண்டு பக்கமும் ஒரே பல்லில் நிற்கிறதா என்றும் பார். சக்கரம் நேர் என்றால் கோணல் வெல்டிங்கில்தான்.

கோரிப்பாளையம் ரைடர்:
சாப்பராகவே ஓட்டிட்டுப் போயிருக்கலாம் ப்ரோ. ஸ்பிரிங் சீட்டில் உட்கார்ந்து மேலூர் வரை போய்ப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

திருமங்கலத்தான்:
நூல் பிடித்தேன் மாமா. சக்கரம் நேராக இருக்கிறது, கேமும் சரி. ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்தான் இடப்பக்கம் 8 மி.மீ. இறங்கியிருக்கிறது.

லேத் மாமா:
அப்போ சந்தேகமே இல்லை. வெல்டிங் அடிக்கும்போது எஞ்சின் வண்டியில் இருந்ததா? இருந்திருக்காது. புல்லட்டில் எஞ்சினுக்கு அடியில் பைப் கிடையாது, எஞ்சினே சேஸிஸின் ஒரு பாகம். அதைக் கழற்றிவிட்டுச் சூடு கொடுத்தால் பைப் இழுத்த பக்கம் போகும்.

அந்த வெல்டிங்கைப் பிரித்துவிடு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரம் எல்லாவற்றையும் மாட்டி போல்ட்டை முறுக்கு. பைப்புக்குள் ஸ்லீவ் (உள்ளே நுழையும் குழாய்த் துண்டு) போட்டு, முதலில் டேக் மட்டும், அதாவது அங்கங்கே பொட்டு வெல்டிங். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் போல்ட்டிலிருந்து ஷாக் போல்ட் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து, அளவு ஒத்தால் மட்டுமே முழுசாக அடிக்க வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டாமல் மாற்றி மாற்றி அடிக்கச் சொல். பேட்டரி, வயரிங் முதலிலேயே கழற்றியிருக்கணும்.

உசிலை வக்கீல்:
ஒரு விஷயம். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மேல் சாண்ட் பிளாஸ்ட் (மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) படக்கூடாது, பெயிண்டும் கனமாக ஏறக்கூடாது. நம்பர் தேய்ந்திருந்தால் ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அந்த வகையில் சாப்பராக இருந்ததுதான் சிக்கல், நீங்கள் செய்வது நல்லதே. புதுப்பேட்டைத் துண்டுக்குப் பில் வாங்கி வையுங்கள்.

50 வருடம் தாண்டியதால் விண்டேஜ் பதிவு பற்றி யாராவது சொல்வார்கள். 2021இல் வந்த அந்த விதி சேஸிஸில் மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. அந்த நம்பரோடு தினமும் ஓட்டவும் முடியாது. சாதாரண ஆர்சியை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு போவதே உங்களுக்குச் சரி.

திருமங்கலத்தான்:
நன்றி சார். பெயிண்ட்? பவுடர் கோட்டிங் போடலாம் என்கிறார்கள்.

லேத் மாமா:
மிலிட்டரி வண்டிக்குப் பளபளப்பு எதற்கு? மங்கலான ஆலிவ் பச்சை, ஸ்ப்ரே போதும். டேங்க் மூடிக்கு அடியிலோ டூல் பாக்ஸுக்குள்ளோ பழைய நிறம் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டாமல் கடைக்காரரிடம் காட்டி ஷேட் கலக்கச் சொல். அப்புறம் கியரை வலப்பக்கமே விடு, முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. இந்தக் கியருக்குப் பயந்தே வண்டியைக் கடன் கேட்க ஒருவனும் வரமாட்டான்.

திருமங்கலத்தான்:
பழங்காநத்தத்தில் ஒரு பட்டறையில் எஞ்சினை மாட்டியே டேக் அடித்தோம். ஷாக் போல்ட் இரண்டு பக்கமும் ஒரே அளவு, மட்கார்டு தட்டாமலே உட்கார்ந்துவிட்டது. நாளை முழு வெல்டிங். இடப்பக்க டூல் பாக்ஸ் மூடியின் திருகு மட்டும் இல்லை. யாரிடமாவது பழசு கிடக்கிறதா?

லேத் மாமா:
என் டப்பாவில் ஒன்று உண்டு, மரை கொஞ்சம் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வா.